ஆசாரி அடித்த வேட்டைக் கத்தியும் என் மூன்று அங்குல நம்பிக்கையும்

கத்தியாக இதற்கு 5க்கு நாலரை கொடுப்பேன். நாடு நாடாகக் கையோடு கொண்டு போகிற பொருளாக என்றால் ஒன்றுதான். அந்த ஒன்றுக்குக் காரணம் கத்தி இல்லை, நான். கத்தி எப்படி என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் பாதியில் எழுந்து போகலாம், ஆனால் வேட்டை முடித்த கையோடு வேறு நாட்டில் இறங்கப் போகிறவர்கள் கடைசி வரைக்கும் படித்துவிடுங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு போகிற ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் இருக்கிறது பட்டறை. பெயர்ப் பலகை கிடையாது, மேப்பில் தேடினாலும் வராது, ஆனால் ஜிபே உண்டு. ஆசாரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கொடுவாள், களைக்கொத்து, மாந்தோப்புக்காரர்களுக்குக் கவாத்துக் கத்தி, இதுதான் அவருக்கு அன்றாடம். எங்கள் தோப்புக்கு அப்பா காலத்திலிருந்தே அவரிடம்தான் வாங்குகிறோம். நான் ஒரு பேப்பரில் கத்தி படம் வரைந்து கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"இது எந்தக் காட்டுக்கு தம்பி? அஞ்செட்டிப் பக்கம் போறதா இருந்தா இப்பவே சொல்லிடு. ஃபாரஸ்ட்காரங்க உன்னை விட்டுட்டு என்னைத்தான் வந்து கேட்பாங்க."

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் இங்கே வேட்டை என்ற பேச்சே இல்லை, முயலைப் பிடித்தால்கூடக் கேஸ்தான். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கிற நடுகல்களைப் பார்த்திருப்பீர்கள், ஒரு கையில் வில், ஒரு கையில் குறுவாள். அந்த வீரன் இன்றைக்குக் கல்லிலிருந்து இறங்கி வந்தால் முதலில் ரேஞ்சர் ஆபீஸில்தான் உட்கார வைப்பார்கள். நான் செல்போனில் மச்சான் அனுப்பிய படத்தைக் காட்டினேன். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி, நியூசிலாந்தில் டிமாரு என்ற ஊருக்குப் பக்கத்தில் பால் பண்ணையில் வேலை செய்கிறான். படத்தில் அவன் ஒரு மானைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

"அங்கே மான் சுட்டா பிடிக்க மாட்டாங்களா?"

"சுடாம விட்டாத்தான் திட்டுவாங்களாம்."

அவர் நம்பவில்லை, ஆனால் அது உண்மைதான். அந்த நாட்டில் மண்ணுக்கே சொந்தமான தரைவாழ் பாலூட்டி வௌவால் மட்டும்தான். மானை 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்டார்கள், அது பெருகிக் காட்டைத் தின்கிறது. வாலபி என்று குட்டிக் கங்காரு ஒன்று, 1874இல் வைமாட்டேப் பக்கம் கொண்டுவந்து விட்டது, அதுவும் அப்படித்தான். இமயமலை வரையாடு 1904இல் போனது. நம் நீலகிரி வரையாடு மாநில விலங்கு, தொட முடியாது. அதன் தூரத்துச் சொந்தத்தை அங்கே அரசாங்கமே ஹெலிகாப்டரில் ஆள் வைத்துச் சுட்டுக் குறைக்கிறது. இதையெல்லாம் ஆசாரியிடம் சொன்னபோது "சரி, 900 ரூபா, நாலு நாள்ல வா" என்று மட்டும் சொன்னார். கத்தி கைக்கு வந்தது 11ஆவது நாள்.

இனி கத்தி. லாரி பட்டையில் அடித்தது, பழைய லாரியின் சஸ்பென்ஷன் பட்டை. நாலரை அங்குல வாய், அதாவது கிட்டத்தட்ட பதினொன்றரை சென்டிமீட்டர். அகலம் ஒன்றேகால் அங்குலம். ஒரு பக்கம் மட்டும்தான் வாய், முதுகு மழுங்கல். வேலமரக் கைப்பிடி, வாலை உள்ளே செலுத்தி அரக்கு ஊற்றிப் பித்தளைப் பூண் போட்டிருக்கிறார். உறை தனியாக, கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் செருப்புத் தைக்கிறவரிடம் 250 ரூபாய்க்கு நான் தைத்து வாங்கியது. வாய்க்கு மட்டும் தோய்ச்சல் (காய்ச்சி முக்கி இறுக வைப்பது) கொடுத்து முதுகை அப்படியே விட்டிருக்கிறார், அதனால் வாய் கடினம், உடம்பு வளைந்து கொடுக்கும், தரையில் விழுந்தாலும் உடையாது. கொடுவாளுக்கு அவர் செய்கிற அதே வேலைதான், சின்னதாக. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172ஐச் சேர்ந்தது என்று 2022இல் அறிவித்தார்களே, அதைப் பெருமையாகச் சொன்னேன். "அவங்களுக்கு கரியாவது நல்லதா கிடைச்சிருக்கும்" என்றார்.

குறை என்றால் முனை தடிமன். மான், ஆடு எதுவானாலும் வயிற்றைக் கிழிக்கும்போது முனைதான் முதலில் உள்ளே போகணும், குடலில் படாமல் போகணும். இவர் கவாத்துக் கத்தி அடித்த கை, முனைப் பக்கம் இரும்பை மெலிக்காமல் விட்டுவிட்டார். வீட்டில் சாணைக் கல்லில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நானே தேய்த்தேன். அந்த அரை நட்சத்திரம் குறைந்தது இதனால்தான்.

போகும் வழி எளிதாகவே இருந்தது. கத்தியைக் கையில் கொண்டுபோகிற பையில் வைக்கவே கூடாது, இது எல்லாருக்கும் தெரியும், பெட்டியில் போட்டு ஏற்றிவிடலாம். வாயில் அட்டை சுற்றி டேப் ஒட்டி வையுங்கள், பெட்டியைத் திறந்து பார்ப்பவர் கை கிழிந்தால் உங்கள் பாடு திண்டாட்டம். புறப்பட்ட இடத்தில் ஸ்கேனரில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். பெட்டியைத் திறந்து, அளந்து, "என்ன சார் இது" என்று கேட்டு, மூடிக் கொடுத்துவிட்டார்கள். நம் ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள்தான் ஆயுதப் பட்டியலில் வரும், அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவை சேராது. அதனால்தான் நம் ஊரில் ஆட்டுக்குத் தழை வெட்டுகிறவர் கொடுவாளை சைக்கிளில் செருகிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே போக முடிகிறது. அந்தச் சுதந்திரத்தில் வளர்ந்தவனுக்கு வெளியூரில் என்ன புத்தி வரும்?

நியூசிலாந்தில் கத்தியை யாரும் ஆயுதமாகப் பார்க்கவில்லை, அழுக்காகப் பார்த்தார்கள். இது எனக்கு நிஜமாகவே புதிது. அங்கே இறங்குமுன் நிரப்புகிற படிவத்தில் ஆடு மாடு, செடி, மண் பட்ட எந்தச் சாமானும் உண்டா என்று கேட்பார்கள். மரச் சாமானும் சொல்லணும். சொல்லாமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். என் கத்திக்கு மரக் கைப்பிடி, தோல் உறை, போதாததற்கு கிளம்புவதற்கு முந்தைய வாரம் மாமனார் வீட்டுக் கிடாயில் ஒத்திகை வேறு பார்த்திருந்தேன். நல்லவேளை, மனைவி வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் பூணுக்குள் எல்லாம் தேய்த்துக் கொடுத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். ஒரு பெண் அதிகாரி கத்தியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், பூண் இடுக்கை நகத்தால் நிமிண்டினார், உறையை மோந்து பார்த்தார். "அழகாக இருக்கிறது, யார் செய்தது" என்று கேட்டார். சொன்னேன். கொடுத்துவிட்டார். மனைவி கட்டிக் கொடுத்த மாங்காய் ஊறுகாயைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம்.

வேட்டைக்கு மச்சானின் முதலாளி கூட்டிக்கொண்டு போனார், லைசென்ஸ் அவரிடம். லைசென்ஸ் இல்லாதவர் லைசென்ஸ்காரர் கூடவே நின்றால் சுடலாம் என்று அங்கே இருக்கிறது, ஆனாலும் நான் துப்பாக்கியைத் தொடவில்லை. சுட்டது அவர்தான். எனக்கு வேலை கத்தியில்.

அந்த மலையில் ஏப்ரல் மாதக் குளிரில், ஒரு பெட்டை மான். மச்சானிடம் மோராக்னிவ் கம்பானியன் என்ற கத்தி இருந்தது, ஸ்வீடனில் மோரா என்ற ஊரில் செய்கிறது, பத்தரை சென்டிமீட்டர் வாய், பிளாஸ்டிக் உறை, அங்கே பாதிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் உரித்தோம். முதலில் மோராதான் முந்தியது, அதில் சந்தேகமே இல்லை. மெலிந்த வாய், தோலுக்கும் கறிக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு போகிறது. நம் கத்தி கனம், மணிக்கட்டு வலித்தது. ஆனால் சப்பையைக் கழற்றும்போதும் நெஞ்செலும்பைப் பிளக்கும்போதும் நிலைமை மாறிவிட்டது. மச்சான் மோராவை நெளித்துவிடுவோமோ என்று பயந்து பயந்து குத்துகிறான், நான் கத்தி முதுகில் ஒரு கட்டையால் இரண்டு தட்டு தட்டினேன், நெஞ்செலும்பு விறகு மாதிரிப் பிளந்தது. முதலாளி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு பார்த்தார்.

வாய் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் வேட்டைக் கத்திக்குப் பரீட்சை. மயிர்தான் எமன். வெளியிலிருந்து உள்ளே வெட்டினால் மான் மயிரும் அதில் ஒட்டின மண்ணும் எந்தக் கத்தியையும் பத்து நிமிடத்தில் மழுக்கிவிடும். தோலுக்கு உள்ளே நுழைத்து வாயை மேல் நோக்கி வைத்து வெளியே கிழிக்கணும். ஆடு உரிக்கிற நமக்கு இது தானாக வரும். அப்படிச் செய்ததில் ஒரு மான், மறுநாள் இரண்டு வாலபி, கல்லே தொடாமல் முடிந்தது. மூன்றாவது வாலபிக்குத் தொடையில் இழுபட்டது, பாறையில் நாலு இழுப்பு இழுத்தேன், திரும்ப வந்துவிட்டது. அதுதான் லாரி பட்டையின் குணம், சீக்கிரம் தீட்டலாம்.

துருவும் சீக்கிரம். ரத்தத்தோடு ஒரு ராத்திரி உறையில் வைத்துவிட்டேன், காலையில் வாய் நெடுக ஆரஞ்சுக் கோடு. தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதில் வைத்துத் தூங்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், களைப்பு. வேப்பங்கொட்டை எண்ணெய்க்கு அங்கே எங்கே போக, மச்சான் மனைவி தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெய்தான். இப்போது கத்தி கறுத்துப்போய் நல்ல அழகாக இருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் நாலரையோடு நிறுத்தியிருப்பேன்.

என் திட்டம் என்னவென்றால், மாங்காய் சீசன் தொடங்குவதற்குள் திரும்பணும், ஆனால் வழியில் சிங்கப்பூரில் தங்கச்சி வீட்டில் மூன்று நாள், அங்கிருந்து இங்கிலாந்தில் லெஸ்டரில் படிக்கிற அண்ணன் மகனைப் பார்த்துவிட்டு வீடு. டிக்கெட் போட்ட ஏஜென்ட் (ஊர், பெயர் எதுவும் வேண்டாம்) அவராகவே ஒரு அறிவுரை சொன்னார். "மூணு அங்குலத்துக்குக் கீழே இருந்தா உலகத்துல எங்கேயும் கேக்க மாட்டாங்க சார்." அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஆசாரி கத்தி பெட்டிக்குள்ளேயே இருக்கும், பாக்கெட்டுக்கு என்று ஓபினெல் 6ஆம் நம்பர் ஒன்று வாங்கிக்கொண்டேன். பிரெஞ்சுக்காரர்களின் மடக்குக் கத்தி, 1890 முதல் செய்கிறார்கள், மரக் கைப்பிடி, 7 சென்டிமீட்டர் வாய். மூன்று அங்குலம் என்றால் 7.62 சென்டிமீட்டர். கணக்கு சரியாக இருக்கிறதா? இருக்கிறது. வெறும் பழம் நறுக்க என்றால் ஓபினெல் மாதிரி ஒன்று கிடையாது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால்.

சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குத் தங்கச்சி பிள்ளைகளோடு போனோம். மாம்பழம் வாங்கியிருந்தோம் (ஏதோ ஒரு ஊர்ப் பழம், நம் பெங்களூராவின் கால்தூசி பெறாது). நான் பாக்கெட்டிலிருந்து ஓபினெல்லை எடுத்து விரித்தேன். தங்கச்சி வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை, பாயில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"மச்சான், அதை மடக்கி உள்ள வைங்க."

"பழம் நறுக்கத்தானே மாப்பிள்ளை."

"பழம் நறுக்க கொண்டுவந்தேன்னு சொல்லலாம், ஒத்துக்கவும் செய்வாங்க. ஆனா நாளைக்கு எம்ஆர்டி ரயில்ல போகும்போதும் இது உங்க பாக்கெட்லதானே இருக்கும், அப்ப என்ன சொல்வீங்க?"

அதுதான் கேள்வி என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவர் சட்டத்தை எடுத்து வாசித்துக் காட்டினார். அங்கே பொது இடத்தில் நியாயமான காரணம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் மூன்று வருடம் வரை ஜெயில், கூடவே பிரம்படியும் விழலாம். அங்குலக் கணக்கே இல்லை. எவ்வளவு நீளம் என்று கேட்க மாட்டார்கள், ஏன் உன்னிடம் இருக்கிறது என்று கேட்பார்கள். அப்புறம் யோசித்தால் நியூசிலாந்திலும் அதேதான், மலையில் இடுப்பில் கத்தி கட்டியிருந்தால் வேட்டைக்காரன், அதே இடுப்போடு டிமாருவில் பீர் குடிக்க நுழைந்தால் காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருந்த குற்றம். மச்சான் ஊருக்குள் வரும்போதெல்லாம் கத்தியைக் கழற்றி வண்டியின் பின்னால் டப்பாவில் போட்டதைப் பார்த்து, அவன் சுத்தக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது பெட்டியில் இருந்த ஆசாரி கத்தி. அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகிறேன் என்றதும் தங்கச்சி அண்ணன் மகனுக்கு வீடியோ கால் போட்டாள். அவன் அரைத் தூக்கத்தில் இருந்தான்.

"சித்தப்பா, நிஜமாவா? ஏர்போர்ட்ல இறங்கி ரயில்ல வரணும் நீங்க. பெட்டிக்குள்ள இருந்தாலும் அது உங்ககிட்ட இருக்கிறதாத்தான் அர்த்தம். என் ஹாஸ்டல் ரூம்ல அதை வைக்கவே முடியாது."

1988ஆம் வருட கிரிமினல் ஜஸ்டிஸ் சட்டம், 139ஆவது பிரிவு. அவன் சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதிக்கொண்டாள், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. பொது இடத்தில் கத்தி வைத்திருக்க நல்ல காரணம் வேண்டும், இல்லாவிட்டால் நாலு வருடம் வரை. வேலைக்கு வேண்டும் என்பது காரணம், மதத்துக்கு (சீக்கியர் கிர்பான்), தேசிய உடைக்கு என்பதும் காரணம். தற்காப்புக்கு என்றால் அது காரணமே இல்லை, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட மாதிரி. வேட்டைக்குப் போகிற வழியில் என்றால் சொல்லிப் பார்க்கலாம். வேட்டை வேறு கண்டத்தில் போன வாரம் முடிந்துவிட்டது என்றால் எப்படிச் சொல்வது? வீட்டுக்குள் வைத்திருப்பதற்கு என் கத்திக்குத் தடை இல்லை, ஆனால் எனக்கு அங்கே வீடு இல்லையே.

அதனால் ஆசாரி கத்தி தங்கச்சி வீட்டுச் சமையலறையில் தங்கியது. ஓபினெல் மட்டும் பெட்டியில் வந்தது, மூன்று அங்குலத்துக்குக் கீழே என்ற தைரியத்தில். அண்ணன் மகனும் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

லெஸ்டரில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தேன். அவன் காபி வாங்கப் போனவன் திரும்பி வந்து என் கையிலிருந்ததை வெடுக்கென்று பிடுங்கி அவன் கோட்டுக்குள் போட்டுக்கொண்டான், பிறகுதான் அது தன்னிடம் இருப்பது அதைவிட மோசம் என்று உறைத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தான். இரண்டு பேரும் வேகமாக நடந்தே அவன் அறைக்குப் போனோம். நான் வழியெல்லாம் மூன்று அங்குலம், மூன்று அங்குலம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

மூன்று அங்குலக் கணக்கு அந்த நாட்டுக் கணக்குதான், ஏஜென்ட் சொன்னது ஆகாயத்திலிருந்து வந்ததில்லை. காரணமே கேட்காமல் விடுகிற கத்திக்கு அங்கே இரண்டு நிபந்தனை, வெட்டும் வாய் 3 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, மடக்குக் கத்தியாக இருக்கணும். இந்த மடக்கு என்ற சொல்லில்தான் கண்ணி. விரித்தபின் பூட்டிக்கொள்கிற கத்தியை அவர்கள் கோர்ட்டு மடக்குக் கத்தி என்று ஏற்றுக்கொள்வதில்லை, கையால் தள்ளினால் மடங்கணும், பொத்தானோ வளையமோ நடுவில் இருக்கக் கூடாது. ஓபினெல்லில் 6ஆம் நம்பரிலிருந்து மேலே எல்லாவற்றுக்கும் கழுத்தில் ஒரு வளையம் உண்டு, திருகினால் பூட்டிக்கொள்ளும், 1955இல் கண்டுபிடித்தது. கைவிரல் போகாமல் காப்பாற்றுகிற அருமையான வளையம். அதே வளையத்தால் என் 7 சென்டிமீட்டர் கத்தி ஆசாரியின் நாலரை அங்குலக் கத்தி இருக்கிற அதே பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டது. 5ஆம் நம்பர் வாங்கியிருந்தால் வளையம் கிடையாது, பிரச்சினையும் கிடையாது. விக்டோரினாக்ஸில் நாம் வழக்கமாகப் பார்க்கிற சிவப்புக் கத்தி, 91 மில்லிமீட்டர் உடம்பு, அது பூட்டாது, அங்கே தாராளமாகப் போகும். அதே கம்பெனியின் 111 மில்லிமீட்டர் உடம்பில் வாய் பூட்டிக்கொள்ளும், போகாது. லெதர்மேன் வேவ் என்ற பல கருவி மடக்குச் சாமான் வைத்திருக்கிறவர்களும் கவனியுங்கள், அதுவும் பூட்டுகிற ரகம்.

இதில் வேடிக்கை ஜெர்மனி. அண்ணன் மகனின் அறைத்தோழன் அந்த ஊர்க்காரன். அவர்கள் கணக்கு தலைகீழ். அங்கே ஒற்றைக் கையால் விரித்துப் பூட்டுகிற கத்தியைக் கொண்டு நடக்கத்தான் 2008லிருந்து தடை, ஓபினெல்லை விரிக்க இரண்டு கை வேண்டும், ஆகவே சரி. மடங்காத கத்தி 12 சென்டிமீட்டர் வாய் வரை சரி, ஆசாரி கத்தி பதினொன்றரை, அதுவும் சரி! திருவிழா, பொதுக்கூட்டம் மாதிரி இடங்களில் எந்தக் கத்தியும் கூடாது, அது தனி, 2024க்கு அப்புறம் இன்னும் இறுக்கிவிட்டார்கள். ஆக இங்கிலாந்தில் நான் பதுக்கி நடந்த இரண்டு கத்தியையும் ஒரு மணி நேர விமானத்துக்கு அப்பால் இடுப்பில் கட்டிக்கொண்டு காட்டில் நடக்கலாம்.

ஜப்பான் வழியாக ஊர் திரும்புகிறவர்கள் இருந்தால், அங்கே காரணமின்றிக் கொண்டு நடக்க 6 சென்டிமீட்டர்தான் எல்லை, பூட்டாத மெல்லிய மடக்குக் கத்திக்கு மட்டும் 8 வரை. அதற்குக் கீழே இருந்தாலும் ஒளித்து வைத்திருந்தால் சில்லறைக் குற்றச் சட்டம் ஒன்று பிடிக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன் என்பது அங்கே காரணம் ஆகாது. நம் ஆட்கள் பாதிப் பேர் கத்தி வைத்திருப்பதே எதற்கும் இருக்கட்டும் என்றுதானே.

ஓபினெல் வளையத்தை லெஸ்டரில் அண்ணன் மகன் கட்டிங் பிளேயரால் கழற்றி எடுத்தான். அதற்கு அப்புறம் அது சட்டப்படி சாதுவான கத்தி. விரல் மேல் ஒரு முறை மடங்கியது, தழும்பு இருக்கிறது. ஊர் திரும்பும்போது சாவிக்கொத்தில் தொங்கிய குட்டி விக்டோரினாக்ஸை மறந்து கைப்பையோடு போய், செக்கிங்கில் டப்பாவில் போட்டுவிட்டு வந்தேன். அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை, தப்பு என்னுடையது. மான்கொம்பு, வரையாட்டுத் தோல் எதையும் கொண்டுவரவில்லை, மச்சான் ஆசைப்பட்டுக் கொடுத்தான், நான் தொடவில்லை. இமயமலை வரையாடு இங்கே முதல் பட்டியலில் இருக்கிற விலங்கு, கிருஷ்ணகிரியில் அதை யாரிடம் போய் நியூசிலாந்தில் சுட்டது என்று நிரூபிப்பது.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள். தோப்புக்கு, கிடாவெட்டுக்கு, மச்சான் மாதிரி ஆள் வெளிநாட்டில் இருந்தால் அவருக்குக் கொடுக்க. முனையை மெலிதாக அடிக்கச் சொல்லுங்கள், நாலு நாள் என்றால் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேட்டை முடிந்து நேரே வீட்டுக்கு வருகிறவர் பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாம். நடுவில் வேறு ஊரில் இறங்குகிற திட்டம் இருந்தால் வேட்டை நடந்த ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஓபினெல் வாங்குகிறவர்கள் 5ஆம் நம்பரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போன வாரம் கொடுவாளுக்குத் தோய்ச்சல் போட பட்டறைக்குப் போனேன். ஆசாரி துருத்தியை நிறுத்திவிட்டு முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார்.

"அந்த மான் கத்தி என்ன ஆச்சு?"

"தங்கச்சி வீட்ல இருக்குதுங்க. திரும்பக் கேட்டேன், தர மாட்டேங்கறா. மீன் தலை வெட்ட அது மாதிரி ஒண்ணு இல்லையாம்."

"மீனா," என்றார். கொஞ்ச நேரம் கரியைக் கிளறினார். "அப்ப முனை தடிமனா இருந்தா பரவாயில்லை, அப்படித்தானே?"